உள்ளங்காலைப் பார்ப்பவர் பெயர்

தொடங்கியதை முடிப்பவனே மனிதன். பேரரசுகள் எழுந்ததும் சரிந்ததும் இந்த ஒரு குணத்தால்தான்.

இப்படி ஆரம்பித்த கட்டுரை ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பற்றியது. டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தால் ஏழு நாளும் விழுங்க வேண்டும், காய்ச்சல் விட்டதென்று மூன்றாம் நாளே நிறுத்தி மிச்சத்தை டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. இதைச் சொல்வதற்கு வேங்கடசுப்ரமணியனுக்கு ரோமாபுரி வரை போய்வர வேண்டியிருந்தது. திலக் நகர் தமிழ் நெறி மன்றத்தின் காலாண்டிதழில், 'நலம் நம் கையில்' என்ற அவருடைய பகுதியில் அது வந்தது. முன்னூறு பிரதி அச்சடித்ததில் இருநூற்றுச் சொச்சம் மன்றத்துப் பீரோவின் தலையில் இருந்தன.

அது வெளிவந்த மூன்றாவது வாரம், எழுதியவர் மும்பை செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் பொது வார்டில், இடது காலை இரண்டு தலையணை மேல் ஏற்றி வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். பெருவிரல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

வயது எழுபத்தொன்று. சர்க்கரைக்கு வயது பதினெட்டு. மருந்துக் கம்பெனி ஒன்றின் தர நிர்ணயப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'மருந்துத் துறை' என்றுதான் சொல்லிக்கொள்வார். உண்மையில் மருந்தோடு அவருக்கு நேரடிப் பழக்கம் கிடையாது. அட்டைப்பெட்டியில் காலாவதித் தேதி தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையை அவரைப்போலப் பார்த்தவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை கிடையாது. மனைவி பாகீரதி போய் இரண்டு வருஷமாகிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி.

காலுக்கு வந்த கேடு பக்தி வழியாக வந்தது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வேளையில், கோவில் பிராகாரத்தை வெறுங்காலோடு பதினோரு தடவை சுற்றுவது மன்றத்தாரின் வழக்கம். பிராகாரத்துக்குக் கருங்கல் தளம். முதல் சுற்றிலேயே பொருளாளர் நுனிக்காலில் குதித்துக் குதித்து, தண்ணீர் தெளித்துக் கோணிச்சாக்கு விரித்திருந்த ஓரத்துக்குப் போய்விட்டார். தலைவருக்கு அப்போதுதான் ஒரு ஃபோன் வந்தது. வேங்கடசுப்ரமணியன் ஒருவர் மட்டும் நடுத்தளத்தில், தலை நிமிர்ந்து, கல்யாணப் பந்தலில் நடப்பதுபோலப் பதினோரு சுற்றும் நடந்தார்.

"சுடலையா சார்?" என்றார்கள்.

"சுடறதா என்ன? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். பெரிய விஷயத்தை அடக்கமாகச் சொல்கிற குரல்.

யாரோ அதை வீடியோ எடுத்து மன்றத்தின் வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே 'தவப் பாதங்கள்' என்று எழுதினார்கள். நாற்பத்தொரு பேர் கைகூப்பினார்கள். அவர் அன்று சாயங்காலம் அதை வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒன்பது தடவை பார்த்தார். பாகீரதி இருந்திருந்தால் "போறும், காலை அலம்பிண்டு வாங்கோ" என்று சொல்லியிருப்பாள், அலம்பும்போது கொப்புளமும் கண்ணில் பட்டிருக்கும். அவர் அலம்பிக்கொள்ளவில்லை.

நாலு நாள் கழித்து வீட்டுத் தரையில் ஈரத் திட்டுகள் தெரிந்தன. ஃபிரிட்ஜ் ஒழுகுகிறது என்று முடிவு செய்து மெக்கானிக்கை வரவழைத்தார். தௌசீப் என்று பெயர். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தான், பின்னால் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். திட்டுகள் ஃபிரிட்ஜிலிருந்து ஹாலுக்குப் போய், ஹாலிலிருந்து கட்டிலுக்குப் போயிருந்தன.

"ஃபிரிட்ஜ் நடக்காது சாப்" என்றான் தௌசீப். "உங்க காலைக் காட்டுங்க."

இரண்டு வருஷத்தில் அவருடைய உள்ளங்காலைப் பார்த்த முதல் மனிதன் அவன்தான்.

டாக்டரிடம் போயிருக்கலாம். 'நலம் நம் கையில்' எழுதுகிறவர் பாதத்தில் ஓட்டையோடு தெருவில் நொண்டிக்கொண்டு போவது எப்படி? சமையலறை மேல் தட்டில் பாகீரதியின் ஸ்டீல் டப்பா இருந்தது. அதில் அவளுடைய கடைசி மார்புச் சளிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை மீதி இருந்தது. அவள் அதை முடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் அதிலிருந்து, நாளைக்கு இரண்டு என்பதை நாளைக்கு ஒன்று என்று திருத்திக்கொண்டு, நாலு நாள் விழுங்கினார். தரையில் ஈரம் நின்றதும் நிறுத்தினார். ஈரம் திரும்பியதும் மறுபடி ஆரம்பித்தார். பிறகு குளிர் ஜுரம் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, காலில் செருப்பு ஏறவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

*

சேர்க்கைப் படிவத்தில் 'கூட இருப்பவர்' என்று ஒரு கட்டம். நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக 'பாகீரதி, மனைவி' என்று எழுதிவிட்டது. எழுதிய பிறகு பார்த்தார். படிவத்தில் அடித்துத் திருத்துவது என்றால் என்னவென்று முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். சிஸ்டர் கை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டார்.

"ஆன்ட்டி எப்ப வருவாங்க?" என்றாள் சிஸ்டர். மஞ்சள் அட்டை பாஸ் ஒன்றைப் பாகீரதி பெயரில் எழுதித் தலைமாட்டில் செருகினாள்.

"வந்துடுவா. கோவில்ல ஏதோ லட்சார்ச்சனை."

டாக்டர் ஃபர்ஸானா நாற்பது வயதுக்காரர். இந்தியில் கேட்பார், இவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். முதலில் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கோங்க அங்கிள். தொடும்போதெல்லாம் சொல்லுங்க" என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தயாராகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எப்போ ஆரம்பிக்கப் போறீங்க டாக்டர்?"

"முடிஞ்சுடுச்சு. பத்து இடம் தொட்டுட்டேன்."

"எனக்கு உஷ்ணமே தெரியாது. தெய்வ சங்கல்பம்னு எல்லாரும்..."

"நரம்பு போயிடுச்சு அங்கிள். சர்க்கரை." குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "கடைசி ஒரு மாசத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா? மெடிக்கல்ல வாங்கி, யாராவது கொடுத்து, எதுவானாலும் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் எந்த மருந்து ஏத்தறதுன்னு முடிவு பண்ணணும்."

வேங்கடசுப்ரமணியன் படுத்த நிலையிலேயே நிமிர்ந்தார். "மேடம், நான் மருந்துத் துறையில இருந்தவன்."

கேள்விக்கு இது பதில் இல்லை. ஆனால் டாக்டர் மரியாதையோடு 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

புண்ணைக் கிளறிச் சுத்தம் செய்து, ஆழத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். டாக்டர் கடைசியாக, பாதத்தில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த எல்லையைச் சுற்றி நீல மையால் ஒரு கோடு போட்டார். சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கினால் மருந்து வேலை செய்கிறது. கோட்டைத் தாண்டினால் இல்லை.

"எலும்பு தட்டுப்படுது. மருந்து கேட்டா விரல் நிக்கும்" என்றார். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அன்றைக்கே மன்றத்துக் குழுவில் செய்தி போட்டார்: 'சிறு பரிசோதனைக்காக ஸ்பெஷல் வார்டில் இருக்கிறேன். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.' இரும்புக் கட்டிலையும், பக்கத்துக் கட்டில்காரர் கட்டிலுக்கடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியையும் யாரும் பார்த்துவிடக் கூடாது. முப்பத்து மூன்று பேர் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். வரவேண்டாம் என்றதைக் குழுவில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கடைப்பிடித்தார்கள்.

*

பக்கத்துக் கட்டில்காரர் வெயிலுமுத்து. தாராவியில் தோல் பை தைக்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இந்த டாக்டரை நம்பித் தாராவியிலிருந்து இங்கே வருவது மூன்றாம் தடவை. வலது காலில் இரண்டு விரல் இல்லை. அந்தக் கணக்கில் வார்டுக்கே அவர்தான் மூத்தவர்.

"சாருக்கு ஏத்துத மருந்து வெள்ள மருந்துல்லா" என்றார் முதல் நாளே, தலைக்கு மேல் தொங்கின பாட்டிலைப் பார்த்து. "புதுசா வாரவுகளுக்கு அதான். எனக்கு மஞ்சளு. ரெண்டு வெரலு குடுத்தவனுக்குத்தான் மஞ்சளு."

"நிறத்தை வெச்சு மருந்தைச் சொல்லக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் தனி மூலக்கூறு இருக்கு."

"இருக்கும் சார். உள்ள போறவரைக்கும் கலருதான் தெரியுது."

நாலு மணிக்கு மணி அடித்துப் பார்வையாளர்களை விடுவார்கள். வெயிலுமுத்துவுக்கு ஒரு நாளைக்கு ஆறேழு பேருக்குக் குறைவில்லை. தைக்கிற கடையிலிருந்து இரண்டு பேர், சந்தில் எதிர்வீட்டுக்காரர்கள், ஒரு மச்சினர். எல்லோருக்கும் முன்னால் அவர் மனைவி பூமாரி. பூமாரி வந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டாள். நேரே கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்குவாள். இரண்டு உள்ளங்காலையும் பார்ப்பாள். விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பாள். குனிந்து ஒருமுறை மோந்தும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள்.

"ஏட்டி, மொகம் இந்தப் பக்கம் இருக்கு" என்பார் வெயிலுமுத்து.

"மொகத்த யாரு வெட்டப் போறா?" என்பாள்.

அவள் பார்வை பக்கத்துக் கட்டிலுக்கு வரும்போது வேங்கடசுப்ரமணியன் போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொள்வார். பிறகு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாம், ஆமாம். சரி. வேண்டாம், இங்கே ரொம்பக் கட்டுப்பாடு" என்று பேசுவார். மறுமுனையில் யாரும் இல்லை. ஒரு தடவை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் மணி அடித்தது. லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். அவளோடு நாலு நிமிஷம் பேசினார்.

வெயிலுமுத்துவின் மகள் மாலதி, குர்லாவில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. வேலை முடிந்து ஐந்தரைக்கு ஓடி வருவாள். "அங்கிள், ஆன்ட்டி ஆஜ் பீ நஹி? இன்னிக்கும் வரலையா?" என்று மஞ்சள் அட்டையைப் பார்த்துக் கேட்பாள்.

"பூனாவுல தங்கை வீட்டுக்குப் போயிருக்கா."

"நேத்து கோவில்னு சொன்னீங்க."

"கோவிலுக்குப் போயிட்டு, அப்படியே பூனா."

*

மூன்றாம் நாள் காலை டாக்டர் ஃபர்ஸானா கட்டைப் பிரித்துப் பார்த்தார். சிவப்பு, நீலக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது. ஜுரம் விடவில்லை.

"லேப் ரிப்போர்ட் வந்திருக்கு. எந்தக் கிருமியும் வளரலையாம்" என்றார். "இவ்வளவு சீழ். கிருமி இல்லாம சீழ் வருமா?"

"லேப்ல தப்பு நடக்கும் டாக்டர். நான் பார்த்திருக்கேன்."

"நடக்கும். ஆனா வீட்ல ஏதாவது மாத்திரை அரைகுறையாச் சாப்பிட்டு வந்தாலும் இப்படித்தான் வரும். லேபுக்கு வர்றது பாதி செத்த கூட்டம், வளராது. கால்ல இருக்கறது மருந்துக்குப் பழகின கூட்டம், சாகாது. நிஜமாவே ஒண்ணும் சாப்பிடலையா?"

வார்டில் ஏழு கட்டில். வெயிலுமுத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார்.

"அப்போ எனக்கு வேற வழி தெரியலை. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு விரலை எடுத்துடலாம். அது மேலே ஏறினா பாதம் போகும். வீட்டுக்காரம்மா கையெழுத்து வேணும். இன்னிக்கு வரச் சொல்லுங்க, பூனாவா இருந்தாலும் சரி."

டாக்டர் போன பிறகு அவர் விரலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். விரல் போவதைக்கூட ஒருமாதிரி பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மாடிப் படி. கால் சரியில்லாமல் ஒருநாள் இறங்கினால் ஏற முடியாது. ஏறிவிட்டால் இறங்க முடியாது. பால்காரன் மட்டும் கதவில் பையை மாட்டிவிட்டுப் போவான். மாட்டிய பை மாட்டியபடி இருந்தால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ யாராவது கேட்பார்கள்.

நாலு மணி ஆயிற்று. பூமாரி வந்து, கால் பார்த்து, முகம் பார்த்து, டிஃபன் டப்பாவைத் திறந்தாள். அன்றைக்கு மாலதியும் சீக்கிரமே வந்திருந்தாள். வெயிலுமுத்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிடக் கூடாது. நான் மொத வெரல எப்படிக் குடுத்தேன்னு தெரியுமா? மெடிக்கல்ல வாங்கி மூணு நாளு தின்னுட்டு விட்டுட்டேன். டாக்டரம்மா கேட்டப்ப இல்லன்னுட்டேன். வெக்கமா இருந்திச்சி. இப்பவும் வெக்கம் இருக்கு. வெரலுதான் இல்ல."

வேங்கடசுப்ரமணியன் போர்வையின் ஓரத்தை மடித்து நீவினார்.

"என்ன தின்னீங்க சார்?"

"பேர் ஞாபகம் இல்லை" என்றார். அது உண்மை. பெயரை அவர் பார்க்கவே இல்லை. "வீட்ல டப்பாவுல இருக்கு."

"அப்ப அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க."

அவர் தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்தார். "மாலதி, நீ போய்ப் பார்த்துச் சொல்றியா? இங்கேருந்து ஆட்டோவுல பத்து நிமிஷம். வீட்ல... இப்போ யாரும் இல்லை."

அரை மணியில் ஃபோன் வந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அன்றைக்கும் போட்டார்.

"அங்கிள், கிச்சன்ல இருக்கேன். எங்க?"

"மேல் தட்டு. கடுகு டப்பாவுக்குப் பின்னால ஸ்டீல் டப்பா."

பாத்திரம் நகர்கிற சத்தம். "மில் கயா, கிடைச்சிடுச்சு. ஒரு ஸ்ட்ரிப்ல பேனாவால தமிழ்ல என்னமோ எழுதியிருக்கு. எனக்குத் தமிழ் படிக்க வராது."

"காலை, ராத்திரின்னு எழுதியிருக்கும். அதுதான்."

"பேரு சொல்றேன், எழுதிக்கோங்க." எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பூமாரி கேட்டு வாங்கி வந்த பேனாவால் அவர் டிஃபன் டப்பா சுற்றி வந்த காகிதத்தில் எழுதிக்கொண்டார். "அங்கிள், இது எக்ஸ்பயரி ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே! எவ்ளோ கிளியரா பிரிண்ட் பண்ணியிருக்கான், பார்க்கலையா?"

எதிர்க் கட்டில்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். வேங்கடசுப்ரமணியன் அந்தத் தேதியைப் பார்த்திருந்தார். அவர் கண் வேறெதையும் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கும்.

"சரி, வெச்சுடு. வா."

"அங்கிள்..." மாலதியின் குரல் இறங்கியது. "ஹால்ல ஆன்ட்டி ஃபோட்டோ. மாலை போட்டிருக்கு."

வெயிலுமுத்து மஞ்சள் அட்டையைப் பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"பிளாஸ்டிக் மாலைதான். ஆனா ஒரே தூசு அங்கிள். தொடச்சிட்டு வரவா?"

"ம்" என்றார்.

பூமாரி எழுந்தாள். அவர் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து போர்வையைத் தூக்கினாள். அவர் இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்தாள், மோந்து பார்த்தாள், கோட்டுக்கு மேலே விரலை வைத்து அளந்தாள்.

"காந்துதா?"

"தெரியலையேம்மா."

"ஒங்களுக்குத் தெரியாதுல்லா. அதனாலதான் இன்னொருத்தர் பாக்கணும்" என்று போர்வையை இழுத்து மூடினாள்.

*

டாக்டர் ஃபர்ஸானா காகிதத்தைப் படித்தார். சாம்பார்க் கறைக்கு நடுவில் மருந்தின் பெயர் இருந்தது.

"இதே மருந்தைத்தான் மூணு நாளா நான் ஊசி வழியா ஏத்திக்கிட்டிருக்கேன்" என்றார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க மருந்துத் துறைன்னு சொன்னீங்க."

"அட்டைப்பெட்டி" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"என்ன?"

"அட்டைப்பெட்டி மேடம். தேதி அச்சாகியிருக்கான்னு பார்க்கறது."

அன்று சாயங்காலமே மருந்தை மாற்றினார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு விரலை எடுப்பதற்குப் பதிலாக, எலும்பிலிருந்து ஒரு துணுக்கு மட்டும் எடுத்து மறுபடி லேபுக்கு அனுப்பினார்கள். புதிய பாட்டில் மஞ்சளாக இருந்தது. "நம்ம கட்சி" என்றார் வெயிலுமுத்து. "வெரலு குடுக்காமயே சேந்துட்டீய."

வேங்கடசுப்ரமணியன் சேர்க்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கினார். பாகீரதி என்ற பெயர் படிக்கும்படியாகவே இருக்க, அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வைத்தார். முறை அதுதான். "ஒயிட்னர் தரேனே அங்கிள்" என்றாள் சிஸ்டர். அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். பதிலுக்கு எழுதப் பெயர் இல்லாததால் அந்த இடத்தில் ஒரு சிறுகோடு போட்டுக் கொடுத்தார். மஞ்சள் அட்டையைச் சிஸ்டர் எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாம் நாள் ஜுரம் விட்டது. நாலாம் நாள் சிவப்பு நீலக் கோட்டில் வந்து நின்றது. ஆறாம் நாள் உள்ளே போயிற்று. எலும்புத் துணுக்கில் கிருமி வளர்ந்தது, புதிய மருந்துக்கு அது சாகும் என்றும் தெரிந்தது. எல்லாம் சேர்த்து ஆறு வாரம் மருந்து, அதில் இரண்டு வாரம் வார்டில், மீதி வீட்டில் மாத்திரை. விரல் தங்கிவிட்டது. நகம் மட்டும் போயிற்று.

வீட்டுக்கு அனுப்பும் தாளிலும் ஒரு கட்டம் இருந்தது: 'தினமும் உள்ளங்காலைப் பார்ப்பவர் பெயர்.'

"நானே பார்த்துப்பேன்" என்றார்.

"குனிங்க பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

குனிந்தார். முழங்கால் வரை வந்தது. அதற்குக் கீழே உலகம் இல்லை.

"அரே அங்கிள், டெய்லி காலைல ஃபோட்டோ அனுப்புங்க" என்றாள் மாலதி. "அம்மாகிட்ட காட்டிட்டுச் சொல்றேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே, "உறவு?" என்றார்.

"பக்கத்துக் கட்டில்" என்றார் வெயிலுமுத்து. அப்படியே எழுதினார்கள்.

*

தினமும் காலை ஆறு பத்துக்கு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எதிர் நாற்காலியில் காலை நீட்டி, பாதத்துக்கு அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் படம் எடுப்பார். எட்டு மணி வாக்கில் பதில் வரும். மாலதியின் கட்டைவிரல் படம், சில நாள் பூமாரியின் குரல்: "குதிகால்ல வெடிப்பு தெரியுது, எண்ணெ போடுங்க." அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்கிற முதல் குரல் அதுதான். பல நாள் கடைசிக் குரலும். 'எண்ணெ போடுங்க' என்பதை அவர் இரண்டு மூன்று தடவை போட்டுக் கேட்பார், காது மந்தம் என்பதால்.

மாலதிக்கு ஷிஃப்ட் மாறியது. பதில் மத்தியானத்துக்குத் தள்ளிப் போயிற்று. சில நாள் சாயங்காலம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. 'நலம் நம் கையில்' பகுதிக்கு அடுத்த கட்டுரை கேட்டு மன்றத் தலைவர் எழுதியிருந்தார், ஸ்பெஷல் வார்டு அனுபவங்களைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று. பார்க்கலாம் என்று பதில் போட்டார்.

ஆறாவது வாரத்தின் கடைசி நாள், கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, காலி அட்டையை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் மீதி இல்லை. புண் இருந்த இடம் மூடி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அன்றைக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, பாதத்துக்குத் துடைத்து எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தார். நன்றாக வந்திருந்தது. அனுப்பினார்.

எட்டு மணிக்குப் பதில் இல்லை. மத்தியானமும் இல்லை. சாயங்காலம் மாலதியே ஃபோன் செய்து, "அங்கிள், இன்னிக்கு ஃபோட்டோ வரலையே, கால் டீக் ஹை நா?" என்றாள்.

எடுத்துப் பார்த்தார். காலை ஆறு பத்துக்குப் படம் கை தவறி மன்றத்துக் குழுவுக்குப் போயிருந்தது. எல்லோரும் சாமி படம் போட்டு வணக்கம் சொல்கிற நேரம் அது. அவருடைய உள்ளங்காலுக்கு அதுவரை ஐம்பத்தாறு பேர் கைகூப்பியிருந்தார்கள். பொருளாளர், 'காலையிலேயே திருவடி தரிசனம், மிக்க நன்றி ஐயா' என்று எழுதியிருந்தார். தலைவர் மட்டும், இது எந்த ஊர்க் கோவில் என்று கேட்டிருந்தார்.